படிப்பவர் காதில் ஒலிக்கும் பாட்டு

சில மாதங்களுக்கு முன்னர், என் தம்பி மகள் குரூப் 4 தேர்வுக்காகத் தயாரித்து வைத்திருந்த புவியியல் குறிப்பேட்டைத் தற்செயலாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது, முத்து முத்தான அவளுடைய கையெழுத்தில், தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்றும் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர் என்றும் சிறிதும் பிழையின்றிக் குறித்திருந்த ஒரு பக்கத்தின் நடுவே, ‘மேற்குத் தொடர்ச்சி மழை’ என்று எழுதியிருக்கக் கண்டேன். லகரமும் ழகரமும் பேதம் அறியாதவள் அல்லள் அவள். அதற்கு மேல்வரியிலும் கீழ்வரியிலும் ‘மலை’ என்றே திருத்தமாக எழுதியிருந்தாள். அந்தச் சொல்லை விரலால் சுட்டிக் காட்டியபோது சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அந்த நேரம் காதுல மழைப் பாட்டு ஓடிக்கிட்டு இருந்திருக்கும் பெரியப்பா. ஆனா ஒண்ணு, பாட்டு இல்லேன்னா எனக்குப் படிப்பே ஓடாது” என்றாள்.

ஒரு பெண்ணின் ஒரு கைப்பிழையைக் கொண்டு சாஸ்திரம் எதையும் நிலைநாட்டிவிட முடியாது என்பதை நான் அறிவேன். எனினும், அவள் ஒரே மூச்சில் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களில், முதலாவது பாட்டு படிப்புக்குள் புகுந்து அதைக் கலைத்தது என்பதற்குச் சாட்சியாகவும், இரண்டாவது அதே பாட்டு இல்லாமல் படிப்பு நடவாது என்பதற்குச் சாட்சியாகவும் நின்றதால், இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடுமா, கூடுமாயின் எவ்வாறு என்னும் கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. இந்த விஷயத்தைக் குறித்து மனோதத்துவ அறிஞர்கள் அரை நூற்றாண்டுக் காலமாக நடத்தி வந்திருக்கும் பரிசோதனைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியதும் அதனாலேதான்.

சங்கீதம் புத்தியைக் கூர்மையாக்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியதற்குக் காரணமான ஆராய்ச்சியை முதலில் சொல்ல வேண்டும். 1993ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த பிரான்ஸிஸ் ரவுஷர், கோர்டன் ஷா, கேத்தரின் கீ ஆகிய மூவரும் ஒரு பக்க அளவே வரும் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர் 36 பேருக்கு, இரண்டு பியானோக்களுக்காக மொஸார்ட் இயற்றிய டி மேஜர் சொனாட்டாவைப் பத்து நிமிஷம் கேட்கச் செய்தும், உடலைத் தளர்த்தி ஓய்வு கொள்ளுமாறு கூறும் ஒலிப்பதிவைப் பத்து நிமிஷம் கேட்கச் செய்தும், பத்து நிமிஷம் மௌனமாக உட்காரச் செய்தும், ஒவ்வொன்றின் பின்னும், மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எத்தகைய வடிவம் தோன்றும் என்பது போன்ற இடவுணர்ச்சிக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொஸார்ட்டைக் கேட்ட பின்னர் அவர்கள் பெற்ற மதிப்பு 119. ஓய்வுப் பதிவுக்குப் பின்னர் 111. மௌனத்துக்குப் பின்னர் 110. இந்த ஏற்றம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை என்பதை அந்த ஆசிரியர்களே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆயினும், பத்து நிமிஷ விளைவு ஆயுள் முழுவதற்குமான வரமாகவும், இருபது வயது மாணவரிடம் கண்டது கருவிலுள்ள சிசுவுக்கும் பொருந்துவதாகவும், காகிதம் மடிக்கும் கணக்கு அறிவனைத்துக்குமாகவும் ஊரெங்கும் மாறிப்போயிற்று. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாண ஆளுநர் ஜெல் மில்லர், தம் மாகாணத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மேனாட்டுச் சாஸ்திரீய இசைப்பதிவு ஒன்று வழங்குவதற்காக 1,05,000 டாலர் ஒதுக்க வேண்டுமென்று சட்டசபையைக் கேட்டார். மறு ஆண்டே கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்பவர் அதுகாறும் நடந்த பரிசோதனைகளைத் திரட்டி ஒப்பிட்டு, அந்த ஏற்றம் மிகச் சிறியது என்று அதே ‘நேச்சர்’ பத்திரிகையில் காட்டினார். 2010இல் வியன்னா சர்வகலாசாலையார், மொஸார்ட் வாழ்ந்து மறைந்த அந்த நகரத்திலிருந்தே, ஏறக்குறைய நாற்பது ஆராய்ச்சிகளையும் அவற்றில் பங்கு கொண்ட மூவாயிரம் பேரையும் ஒருங்கு சேர்த்துப் பார்த்து, மொஸார்ட்டுக்கென்று தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அப்படியானால் அந்த 36 மாணவரிடம் கண்டது பொய்யா? அன்று. அதன் காரணம் வேறிடத்தில் இருந்தது. அதைக் கண்டு சொன்னவர்கள் கனடாவைச் சேர்ந்த வில்லியம் தாம்ஸனும் கிளென் ஷெல்லன்பெர்க்கும் அவர்களோடு பணி செய்தவர்களும் ஆவர். 2001இல் அவர்கள், உற்சாகமும் வேகமும் மிக்க அதே மொஸார்ட் சொனாட்டாவை ஒரு பக்கமும், அல்பினோனியின் பெயரால் வழங்கிவரும், சோகம் ததும்பி மெல்ல நகரும் அடாஜியோ ஒன்றை மற்றொரு பக்கமும் வைத்துச் சோதித்தார்கள். மொஸார்ட்டைக் கேட்டவர்கள் கணக்கை நன்றாகப் போட்டார்கள். அடாஜியோவைக் கேட்டவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை. கேட்டவர்களுடைய மனக்கிளர்ச்சியையும் உற்சாகத்தையும் அளந்து கழித்துவிட்டுப் பார்த்தபோது, மொஸார்ட்டின் மகிமையும் கூடவே மறைந்துபோயிற்று. அதற்கு முன்னரே, 1999இல், ஷெல்லன்பெர்க்கும் அவர் மாணவி ஒருவரும், ஸ்டீபன் கிங் எழுதிய கதை ஒன்றை வாசிக்கக் கேட்பதும் மொஸார்ட்டைக் கேட்பதும் ஒரே அளவு பயன் தருவதையும், கதையை விரும்பியவர்கள் கதைக்குப் பின்னும் இசையை விரும்பியவர்கள் இசைக்குப் பின்னும் மேலாகச் செய்வதையும் காட்டியிருந்தார்கள். இங்கிலாந்தில் பத்து, பதினொரு வயதுச் சிறுவர் சிறுமியர் பல்லாயிரவரை வைத்து நடத்திய பரிசோதனை ஒன்றில், மொஸார்ட்டைவிட ‘பிளர்’ முதலிய ஜனரஞ்சகக் குழுக்களின் பாட்டுக்களே அவர்களுக்கு அதிகம் உதவின.

ஆகவே, பயன் தருவது இன்ன மேதை, இன்ன ராகம் என்பதன்று. கேட்பவருக்குப் பிடித்ததாக இருத்தலே. ரசனை என்பது அவரவர் சொந்தம் என்று நாம் வழக்கமாகச் சொல்வதற்கு விஞ்ஞானம் அளித்த சான்று இது. ஒருவருக்கு மதுரை சோமு, ஒருவருக்கு இளையராஜா, மற்றொருவருக்கு நேற்று வெளியான ஏதோ ஒரு பாட்டு. எது மனத்தை நிமிர்த்தி உட்கார வைக்கிறதோ அது அவருக்குப் பயன்படும். என் தம்பி மகளுடைய இரண்டாவது வாக்கியம் இந்த அளவில் முற்றிலும் உண்மையானது. ஆனால் மேற்சொன்ன பரிசோதனைகள் எல்லாவற்றிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைக் கவனியாமல் விட்டதுதான் இத்தனை குழப்பத்துக்கும் மூலம் என்று நான் கருதுகிறேன். அந்த மாணவர்கள் இசையைக் கேட்டு முடித்தார்கள். அதன் பின்னரே கணக்கைக் கையில் எடுத்தார்கள். இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கணக்குப் போடவில்லை.

ஒலித்துக்கொண்டிருக்கும்போதே படித்தால் நேர்வது யாது என்பது வேறு ஒரு பரம்பரையினர் ஆராய்ந்த பொருள். 1976இல் கோல், வெல்ஷ் என்னும் இருவர் அமெரிக்காவில் செய்த பரிசோதனையிலிருந்து அது தொடங்குகிறது. கண்ணுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சில எழுத்துக்களைக் காட்டி, அவற்றை அதே வரிசையில் திருப்பி எழுதச் சொன்னார்கள். அந்த நேரத்தில் காதில் ஜெர்மன் மொழியில் ஒருவர் வாசிக்கும் குரல் ஒலித்தது. கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. அதைக் கவனிக்க வேண்டாம் என்றும் சொல்லப்பட்டிருந்தது. ஆயினும் வரிசையில் பிழைகள் மிகுந்தன. பார்ப்பது கண், கேட்பது காது, பொருளும் விளங்காத பாஷை. இத்தனை வேலிகளையும் தாண்டி ஒலி உள்ளே புகுந்து குலைத்ததென்றால், கண்ணால் படிப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருப்பதை மனம் உள்ளூர வேறு எவ்வாறோ செய்துகொண்டிருக்கிறது என்றுதானே கொள்ள வேண்டும்?

அதை விளக்கியவர் ஆலன் பேட்லி என்னும் ஆங்கில மனோதத்துவ அறிஞர். 1974இல் அவரும் கிரஹாம் ஹிட்சும் வகுத்துக் காட்டிய கொள்கைப்படி, நாம் ஒரு சொல்லையோ எண்ணையோ சிறிது நேரம் மனத்தில் ஏந்தியிருக்க வேண்டுமானால், அது கண்வழி வந்ததாயினும், உள்ளே அதை ஒலியாக மாற்றி, நாவசையாமல் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோம். தொலைபேசி எண் ஒன்றைக் கேட்டு, காகிதம் தேடும் வரையில் மறவாதிருக்க உதட்டுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொருவரும் இதைப் பிரத்தியட்சமாக அறிவர். அந்த உள்முணுமுணுப்பு நடைபெறும் அறை மிகச் சிறியது. பாட்டு அந்த அறைக்குள் அழைப்பின்றி நுழைகிறது. 1980களில் பியர் சலாமேயும் பேட்லியும் செய்த பரிசோதனைகளில், வாத்திய இசையைவிட வாய்ப்பாட்டு அதிகமாகக் கெடுத்தது என்பது தெளிவாயிற்று. ‘மலை’ என்று எழுத வேண்டிய கை ‘மழை’ என்று எழுதிற்றே, அது அந்தச் சிறிய அறையில் இரண்டு குரல்கள் முட்டிக்கொண்டதன் சுவடு என்றே எனக்குப் படுகிறது.

பிடித்த பாட்டாக இருந்தால் என்ன ஆகும்? மாணவர் அனைவரும் கேட்கும் கேள்வி இது. “எனக்குப் பிடிக்காத பாட்டுத்தான் தொந்தரவு, பிடித்தது உதவும்” என்று அவர்கள் சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 2011இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்தில் நிக் பெர்ஹாமும் அவருடன் பணிபுரிந்த விசார்ட் என்பவரும் இதையே நேராகச் சோதித்தார்கள். மாணவர்கள் தாங்களே விரும்பிக் கொண்டுவந்த பாட்டு, அவர்கள் வெறுத்த முரட்டு மெட்டல் இசை, பல எண்களை மாற்றி மாற்றிச் சொல்லும் குரல், ‘மூன்று, மூன்று’ என்று ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டேயிருக்கும் குரல், பூரண நிசப்தம் என ஐந்து நிலைமைகளில் எழுத்துக்களின் வரிசையை நினைவில் வைக்கச் செய்தார்கள். விரும்பிய பாட்டும் வெறுத்த பாட்டும் ஒரே அளவில் கெடுத்தன. நிசப்தத்திலும், ஒரே எண்ணைச் சொல்லும் குரலிலும் மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். பின்னர் 2014இல், வரிசை நினைவை விடுத்து, பத்தி ஒன்றைப் படித்துப் பொருள் கொள்ளும் சோதனையை வைத்துப் பார்த்தபோதும், சொல்லோடு கூடிய பாட்டு, பிடித்ததாயினும் பிடிக்காததாயினும், பொருள்கோடலைத் தாழ்த்தவே செய்தது. ரசனை என்பது கதவைத் திறக்கவல்ல சாவி. உள்ளே நுழைந்த பின் நெரிசலைக் குறைக்க அதனால் ஆவதில்லை.

‘மூன்று, மூன்று’ என்ற குரல் ஏன் கெடுக்கவில்லை என்பது இந்த ஆராய்ச்சிகளுள் என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி. அதே கார்டிஃப் நகரத்து டிலன் ஜோன்ஸும் அவருடைய கூட்டத்தாரும் நெடுங்காலம் ஆராய்ந்து கூறுவது, மனத்தைக் கலைப்பது ஒலியின் உரப்பன்று, அதன் மாறுதலே என்பதாகும். மாறாத ஒலி எவ்வளவு நேரம் ஒலித்தாலும் மனம் அதைச் சிறிது நேரத்தில் தள்ளி வைத்துவிடுகிறது. மாறும் ஒலி ஒவ்வொன்றும் அடுத்தது யாது என்ற வரிசையை உண்டாக்குகிறது. அந்த வரிசை நாம் மனப்பாடம் செய்யும் வரிசையோடு போட்டியிடுகிறது. இதைப் படித்தபோது நம்முடைய தம்புராவை நினைத்துக்கொண்டேன். கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் மூன்று மணி நேரம் இடையறாது மீட்டப்படும் நான்கு தந்திகள், சபையில் எவருடைய சித்தத்தையும் தம்பால் இழுத்துக்கொள்ளாமல், எல்லாருடைய சித்தத்தையும் ஏந்தி நிற்கின்றன. தம்புராவை வைத்து இப்படியொரு சோதனை நடந்ததாகச் சொல்லவில்லை. மேற்சொன்ன நியதி மெய்யாயின், படிப்பவர் பக்கத்தில் வைக்கத் தகுந்த நாதம் நம் வீட்டிலேயே இருக்கிறது என்பது என் அநுமானம்.

வாத்திய இசை தீங்கு குறைந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது நமக்கு அப்படியே பொருந்துமா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. மேனாட்டு ஸிம்பொனியில் பெரும்பாலும் சொல் கிடையாது. ஆனால் வீணையிலோ வயலினிலோ ஒரு தியாகராஜ கீர்த்தனையை வாசிக்கும்போது, கேட்டுப் பழகிய காதுக்குள் சாகித்தியம் தானாகவே ஓடுகிறது. வாசிப்பவரும் பாடுவது போலவே வாசிக்க வேண்டுமென்று பயின்றவர். சினிமாப் பாட்டைப் புல்லாங்குழலில் வாசித்த பதிவைப் போட்டுவிட்டு, “இதில் பாட்டே இல்லையே” என்று சொல்பவர் இரண்டாவது அடியிலேயே வாயசைப்பதை நான் பார்த்திருக்கிறேன். சொல் வெளியே ஒலிக்கவில்லை என்பதால் உள்ளே இல்லையென்று ஆகிவிடாது. கீர்த்தனைக்கு முன் வரும் ராக ஆலாபனை வேண்டுமானால் விலக்காகலாம். ஆனால் காம்போதியில் உயிரை வைத்திருப்பவருக்கு அதுவும் புத்தகத்தை மூட வைத்துவிடும்.

இந்த இடத்தில் நம் தமிழ் உலகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1870களின் தொடக்கத்தில், பதினாறு பதினேழு வயது இளைஞராகிய சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயில மாயூரம் வந்து சேர்ந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகனும் சங்கீதத்தைக் கைவிடக் கூடாது என்பது அவருடைய ஆசை. நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்திலேயே இருந்தமையால், சாமிநாதையர் அவரிடமும் போய்ச் சங்கீதப் பயிற்சி செய்துவந்தார். இது பிள்ளையவர்களுக்குத் தெரியவந்தபோது, சங்கீதத்தில் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் புத்தி தீவிரமாகச் செல்லாது என்ற கருத்தைத் தெரிவித்தார். ஆசிரியருடைய குறிப்பை உணர்ந்த மாணவர் அந்தப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். ‘என் சரித்திரம்’ நூலில் ஐயரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பிள்ளையவர்களுடைய வார்த்தையைப் பாட்டுக் கேட்டுக்கொண்டே படிப்பதற்கு எதிரான தீர்ப்பாகக் கொள்ளுதல் நேர்மையாகாது. அவர் சொன்னது இரண்டு பெருங்கலைகள் ஓர் இளைஞனுடைய காலத்தையும் ஊக்கத்தையும் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றி. ஆனாலும், சங்கீதம் அற்ப சொற்பத்தோடு திருப்தியடையும் பொருளன்று, தனக்குரிய பங்கைக் கேட்டு வாங்கியே தீரும் என்பதை அந்த மகாவித்துவான் அறிந்திருந்தார் என்பது தெரிகிறது. நிறுத்திய பயிற்சி வீண் போகவுமில்லை என்பது என் எண்ணம். பிற்காலத்தில் ஐயர், இசைத்தமிழ்ச் செய்திகள் நிறைந்த அடியார்க்கு நல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்தபோதும், கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகியோருடைய சரித்திரங்களை எழுதியபோதும், இளமையில் பயின்ற அந்தச் செவி அவருக்குத் துணை நின்றிருக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் படிப்பில் இசை இல்லாமலில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியை ஒரே குரலாக இராகம் போட்டுச் சொன்னார்கள். சூடாமணி நிகண்டின் விருத்தங்களை நடையோடு பாடியே நெட்டுருப் போட்டார்கள். அங்கே பாட்டு பாடத்தோடு பக்கத்தில் ஓடவில்லை; பாடமே பாட்டின் மேல் ஏறி வந்தது. உள்ளேயுள்ள சிறிய அறையில் ஒரே குரல்தான் இருந்தது. ஒரு செய்யுளை மெட்டோடு பலமுறை கேட்டவர்கள், வெறுமே வாசிக்கக் கேட்டவர்களைவிட அதன் சொற்களை நன்றாக நினைவு கூர்வதை 1994இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வாண்டா வாலஸ் காட்டியிருக்கிறார். வாய்விட்டுப் படிக்கும் வழக்கமும் இராகம் போட்டுச் சொல்லும் வழக்கமும் நம் பள்ளிகளிலிருந்து மறைந்த பிறகு, வெறுமையான அந்த இடத்துக்குத்தான் இயர்போன் வந்து சேர்ந்ததோ என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு.

உடலுழைப்பின் கதை வேறு. ஏற்றம் இறைப்பவன் பாடிய பாட்டு, களைப்பை மறக்கச் செய்தது மாத்திரமன்றி, எத்தனை சால் இறைத்தாயிற்று என்று எண்ணிக்கொடுக்கும் கணக்காகவும் இருந்தது. நடவுப் பாட்டில் கைகளெல்லாம் ஒரே காலத்தில் குனிந்து நிமிர்ந்தன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1940ஆம் ஆண்டு ஜூன் 23 முதல், ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்காக பி.பி.சி. நாள்தோறும் அரைமணி நேர இசை நிகழ்ச்சியைத் தொடங்கி 1967 வரையில் நடத்திற்று. கை பழகிய வேலையில் மனம் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் மனத்துக்குச் சங்கீதம் உணவு. ஜெர்மனியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் 2011இல், பின்னணி இசையைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் நன்மையும் தீமையும் ஒன்றையொன்று தள்ளுபடி செய்து பூஜ்யமே மிஞ்சிற்று. பிரித்துப் பார்த்தால் மட்டுமே உண்மை வெளிப்பட்டது: தேகப்பயிற்சிக்கும் மனமகிழ்ச்சிக்கும் இசை உதவிற்று, வாசிப்பைக் குலைத்தது, நினைவாற்றலுக்கும் சிறிது ஊறு செய்தது. குறிப்பேட்டுக்குக் கோடு போடுதல், வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுதல், எழுதி முடித்ததைச் சுத்தப்பிரதி எடுத்தல் ஆகியவை படிப்பின் பகுதிகளேயாயினும் நடவைப் போன்றவை. அரசியல் சாசனத்தின் ஷரத்துக்களை வரிசையாக மனத்தில் இருத்துவது அப்படிப்பட்டதன்று.

இதுவரை சொன்னவற்றையெல்லாம் கேட்டுவிட்டு என் தம்பி மகள் சொன்ன பதில்தான் என்னை மறுபடியும் யோசிக்க வைத்தது. “நீங்க சொல்ற அந்த நிசப்தம் எங்க வீட்ல எங்க இருக்கு பெரியப்பா?” என்றாள். தம்பியின் வீடு ஒரு கூடமும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்டது. கூடத்தில் மாலை ஆறரை மணி முதல் பத்து மணி வரையில் தொலைக்காட்சித் தொடர்கள்; அடுத்த வீட்டில் கிரைண்டர்; ஆடி மாதம் முழுவதும் தெருமுனை அம்மன் கோவில் ஒலிபெருக்கி; முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபம். பரிசோதனைச் சாலையில் பாட்டுக்கு எதிராக வைக்கப்படும் தராசுத் தட்டில் பூரண மௌனம் இருக்கிறது. அவளுடைய தராசுத் தட்டில் இருப்பதோ மாமியார் மருமகள் சம்பாஷணை. அதுவும் சொல்தான், மாறிக்கொண்டே இருப்பதுதான், போதாக்குறைக்குப் பிடிக்காததும்கூட. அவள் பாட்டைக் கேட்பது ரசிப்பதற்காக என்று நான் எண்ணியிருந்தேன். அவள் அதைச் சுவராகக் கட்டிக்கொண்டிருந்தாள். மௌனம் என்பது தனியறை உள்ளவர்களுடைய சொத்து என்பதை நான் மறந்துவிட்டேன், அதற்காக வருந்துகிறேன்.

சுவர்தான் வேண்டுமென்றால், அது பேசாத சுவராக இருப்பது நல்லது. மழை பெய்யும் ஓசை, மின்விசிறியின் இரைச்சல் ஆகியவற்றின் பதிவுகள் இப்போது கைபேசியில் கிடைக்கின்றன. 2019இல் இங்கிலாந்தையும் ஸ்வீடனையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், மூன்று சொற்களைக் கொடுத்து அவற்றை இணைக்கும் நான்காவது சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர்களை வைத்துச் சோதித்தபோது, தெரியாத மொழிப் பாட்டு, சொல்லில்லாத இசை, தெரிந்த பாட்டு ஆகிய மூன்றும் விடை காண்பதைக் குறைத்தன. ஆனால் நூலகத்தில் எழும் இயல்பான சலசலப்பு நிசப்தத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததாக இல்லை. நாற்காலி நகரும் ஓசையும், ஏடு புரளும் ஓசையும், தூரத்தில் யாரோ மெல்லப் பேசும் ஓசையும் நிரம்பிய மாவட்ட நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில், காலை எட்டு மணிக்கே வந்து இடம்பிடித்து உட்காரும் போட்டித் தேர்வுப் பிள்ளைகள், இந்த ஆராய்ச்சியைப் படிக்காமலே அதன் முடிவை அறிந்திருக்கிறார்கள்.

ஆளுக்கு ஆள் வேறுபாடும் உண்டு. லண்டனில் ஏட்ரியன் ஃபர்னம் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கூட்டத்தை நாடும் இயல்பினரைவிடத் தனிமையை நாடும் இயல்பினரைப் பின்னணிப் பாட்டு அதிகமாகத் தாக்கிற்று. ஸ்வீடன் நாட்டுப் பள்ளிகளில் கவனம் சிதறும் குழந்தைகளிடம் செய்த பரிசோதனையில், சீரான இரைச்சல் அவர்களுக்கு உதவியும் செய்தது. எனவே வீட்டுப் பெரியவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரேயடியாகப் பிள்ளைகளின் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்க முற்படுவார்களேயானால், அது நான் செய்த குற்றமாகிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பாடத்தைப் பாட்டோடும், அதே அளவுள்ள மற்றொரு பாடத்தைப் பாட்டில்லாமலும் படித்து, மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத் தாளில் நினைவுள்ளதை எழுதி ஒப்பிட வேண்டும். படித்த பொழுது இருந்த இசை மறுபடி ஒலித்தால் நினைவு எளிதாகிறது என்று 1985இல் ஸ்டீவன் ஸ்மித் கண்டிருக்கிறார்; தேர்வுக் கூடத்தில் அந்த இசை ஒலிக்கப் போவதில்லையாதலால், எழுதும் வேளையில் காது வெறுமையாக இருத்தல் வேண்டும்.

என் தம்பி மகள் இதைப் பத்து நாட்கள் செய்து பார்த்தாள். இரண்டு தாள்களுக்கும் நடுவே கண்ட வேறுபாட்டை என்னிடம் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அவளுடைய ஒழுங்கு மாறிவிட்டது. மாலையில் கூடத்தில் தொடர்கள் நடக்கையில் மழையோசையை வைத்துக்கொண்டு படிக்கிறாள். பத்து மணிக்கு வீடு அடங்கியதும் அதையும் கழற்றி வைத்துவிடுகிறாள். பாட்டுக்கென்று படிப்பதற்கு முன்னால் கால்மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாள். சென்ற வாரம் நான் அங்கே போயிருந்தபோது, புத்தகத்தை மூடி ஜன்னல் திண்டின் மேல் வைத்துவிட்டு, இயர்போனில் ஒன்றை என் காதில் மாட்டிவிட்டு, தான் மற்றொன்றை மாட்டிக்கொண்டு, அந்த மழைப் பாட்டைப் போட்டாள். இருவரும் பேசாமல் கேட்டோம். இரண்டாவது சரணத்துக்கு முன் வரும் இடையிசையில் சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தி, பாட்டைச் சிறிது பின்னுக்குத் தள்ளி மறுபடியும் போட்டாள். வயலின்களுக்கு அடியில், மிகத் தாழ்ந்த ஸ்தாயியில், ஒரு புல்லாங்குழல் தனியே நடந்துகொண்டிருந்தது. “இது இவ்வளவு நாளா இதுலயா இருந்துச்சு?” என்றாள்.